தேயிலையும் ரோஜாவும் மணக்கும் கேக்: முதன்முறை செய்பவர்களுக்கு

தேநீர் மணக்கும் கேக் செய்யலாம் என்று முதன்முறை இறங்குகிறவர்கள் பெரும்பாலும் கடுந்தேநீர் ஒரு கோப்பை போட்டு அப்படியே மாவில் ஊற்றிவிடுவார்கள். கேக் பழுப்பாக வரும், லேசாகத் துவர்க்கும், தேநீர் வாசனை மட்டும் இருக்காது. பூவுக்கும் இதே நிலைதான். பன்னீரை மாவோடு கலந்து முக்கால் மணி நேரம் ஓவனில் வைத்தால் வீடெல்லாம் ரோஜா மணக்கும். கேக்கை வெட்டி வாயில் போட்டால் ஒன்றும் தெரியாது.

இரண்டுக்கும் காரணம் எளிமையானது. தேயிலையின் வாசனைப் பொருள்கள் கொழுப்போடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். துவர்ப்பைத் தரும் டானின் வெந்நீரில்தான் வேகமாக இறங்கும். ஆகவே தேயிலையைத் தண்ணீரில் கொதிக்கவிட்டால் நமக்கு வேண்டாதது நிறைய வரும், வேண்டியது ஆவியோடு போய்விடும். வெண்ணெயிலும் பாலிலும் தேயிலையைச் சேர்த்தால் வாசனை தங்கும். பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் டானினைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்பும் குறையும்.

பன்னீர் எப்படி உண்டாகிறது என்று யோசித்தால் பூவின் விஷயமும் புரிந்துவிடும். ரோஜா இதழ்களின் மேல் நீராவி ஏறி, வாசனையைத் தூக்கிக்கொண்டு போய், குளிர்ந்து சொட்டுவதுதான் பன்னீர். ஆவியில் ஏறி வந்த மணம் மறுபடி சூடு பட்டால் ஆவியாகவே கிளம்பிவிடும். அதனால் நான் பின்பற்றும் வரிசை இதுதான்: தேயிலை ஓவனுக்குப் போகும் முன்பு, பூ ஓவனிலிருந்து எடுத்த பிறகு. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் சாதாரண வெண்ணெய் கேக் வேலைதான்.

எந்தத் தேயிலை, எந்தப் பூ

முதல்முறைக்கு ஏர்ல் கிரே எடுத்துக்கொள்ளுங்கள். பெர்கமாட் என்ற எலுமிச்சை இனத்துப் பழத்தின் தோலெண்ணெய் ஏற்றிய கறுப்புத் தேயிலை இது. 1830 முதல் 1834 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்த சார்லஸ் கிரேயின் பிரபுப் பட்டம்தான் அதற்குப் பெயராக வாய்த்தது. பெர்கமாட் பெரும்பாலும் இத்தாலியின் கலாப்ரியா பகுதியில் விளைகிறது. இந்தத் தேயிலையைப் பரிந்துரைக்க எனக்கு ஒரே காரணம்தான்: வெண்ணெய், சர்க்கரை, முட்டை எல்லாவற்றையும் தாண்டி மூக்குக்கு எட்டும் அளவுக்கு அதன் வாசனைக்கு வலு உண்டு. மென்மையான பச்சைத் தேயிலையோ வெள்ளைத் தேயிலையோ கேக்குக்குள் போனால் காணாமல் போய்விடும். பாலில் கொதிக்கவைத்துக் குடிப்பதற்கென்றே வரும் குருணைத் தேயிலை நிறமும் துவர்ப்பும் தரும், மணம் குறைவு.

பூவில் ரோஜா. கறுப்புத் தேயிலையிலும் ரோஜாவிலும் ஜெரானியால் என்ற ஒரே வாசனைப் பொருள் இயற்கையாகவே இருக்கிறது. அதனால்தான் இரண்டும் சேரும்போது ஒட்டவைத்தது போல் தெரியாது.

கடையில் பூ வாசனை மூன்று விதமாகக் கிடைக்கும். காய்ந்த இதழ், ரோஸ் வாட்டர் என்று எழுதியிருக்கும் பன்னீர், அப்புறம் ரோஸ் எசென்ஸ். பன்னீரும் எசென்ஸும் ஒன்றல்ல. எசென்ஸ் பல மடங்கு அடர்த்தியானது, பெரும்பாலும் செயற்கை மணம். நான் முதல் தடவை செய்தபோது பன்னீர் என்று நினைத்து எசென்ஸை ஒரு மேசைக்கரண்டி ஊற்றிவிட்டேன். கேக் சோப்புக்கட்டி மாதிரி மணந்தது. ஒரு வாய்க்கு மேல் யாராலும் சாப்பிட முடியவில்லை, முழுக் கேக்கையும் கொட்ட வேண்டியதாயிற்று. பாட்டிலின் முன்பக்கத்தைப் பார்த்தால் போதாது, பின்பக்கம் திருப்பி என்ன கலந்திருக்கிறது என்று படித்துவிட்டு ஊற்றுங்கள். முகத்தில் தடவ விற்கும் ரோஸ் வாட்டரும் சமையலுக்கு ஆகாது. உணவுக்கு உரியது என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.

இதழ் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. அலங்காரத்துக்கு விற்கும் பூக்களில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். கழுவினால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். சாப்பிடுவதற்கென்றே விற்கும் காய்ந்த இதழ் வாங்குங்கள், அல்லது மருந்தே படாமல் நீங்களே வளர்த்த செடியிலிருந்து பறியுங்கள். பார்க்க அழகாக இருக்கிறதே என்று பெயர் தெரியாத பூ எதையும் கேக்கின் மேல் வைக்காதீர்கள். அரளி போன்ற கடும் நஞ்சுள்ள பூக்கள் உண்டு, அவை கேக்கின் மேல் பட்டாலே ஆபத்துதான்.

தேவையானவை

20 செ.மீ. வட்ட டின் ஒன்றுக்கான அளவு இது. பத்துத் துண்டு வரும். முடிந்தவரை தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். கப்பில் மைதாவை அழுத்தி அள்ளுவதா, தூவி நிரப்புவதா என்பதிலேயே கணிசமான வித்தியாசம் வந்துவிடும்.

கேக்குக்கு:
மைதா 200 கிராம்
பேக்கிங் பவுடர் ஒன்றரை தேக்கரண்டி
உப்பு கால் தேக்கரண்டி
உப்பில்லாத வெண்ணெய் 170 கிராம்
சர்க்கரை 180 கிராம்
முட்டை 3 (ஓடு நீக்கி சுமார் 150 கிராம்)
கொழுப்பு எடுக்காத பால் 120 மில்லி
ஏர்ல் கிரே தேயிலை சுமார் 10 கிராம், அல்லது ஐந்து டீ பேக்
ஒரு எலுமிச்சையின் தோல் துருவல்

பாகுக்கு:
சர்க்கரை 50 கிராம், தண்ணீர் 50 மில்லி, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, பன்னீர் இரண்டு தேக்கரண்டி

மேல்பூச்சுக்கு:
ஐசிங் சர்க்கரை 120 கிராம், எலுமிச்சைச் சாறு மூன்று தேக்கரண்டி, பன்னீர் அரை தேக்கரண்டி, காய்ந்த ரோஜா இதழ் ஒரு மேசைக்கரண்டி

வெனிலா எங்கே என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். வெனிலா நல்ல பொருள்தான், ஆனால் இந்தக் கேக்கில் அது பெர்கமாட்டை அமுக்கிவிடுகிறது.

பாலும் பொடியும்

வெண்ணெயையும் முட்டையையும் ஒரு மணி நேரம் முன்பே வெளியில் எடுத்து வைத்துவிடுங்கள். விரலால் அழுத்தினால் வெண்ணெய் குழிய வேண்டும், பளபளவென்று எண்ணெயாகக் கசியக் கூடாது.

தேயிலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பாதியை மிக்ஸியின் சின்ன ஜாரில் போட்டு நன்றாகப் பொடியுங்கள். பொடித்ததை இரு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். முகப்பவுடர் போல வழுக்கினால் சரி, மணல் போல உறுத்தினால் இன்னொரு சுற்று விடுங்கள். பிறகு மெல்லிய சல்லடையில் சலித்து, இரண்டு தேக்கரண்டி பொடி எடுத்துக்கொள்ளுங்கள். சல்லடையில் தங்கும் கப்பியைத் தூர எறிய வேண்டாம், அது பாலுக்குப் போகட்டும். இந்த வேலையைத் தவிர்த்தால் சாப்பிடும்போது பல்லில் இலை நறநறக்கும். டீ பேக் என்றால் உள்ளே இருப்பது ஏற்கனவே தூளாக இருக்கும். ஆனாலும் ஒரு சுற்று சுற்றிச் சலித்துவிடுவது நல்லது.

மீதித் தேயிலைக்குப் பாலைச் சூடாக்குங்கள். ஓரத்தில் சின்னக் குமிழ்கள் வந்து, பொங்குவதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிடுங்கள். தேயிலையைப் போட்டு, மூடி, பத்து நிமிடம் விடுங்கள். மூடாவிட்டால் வாசனை மேலே போய்விடும். அதற்குமேல் ஊறவிட்டால் கசப்பு ஏறும். வடிகட்டும்போது கரண்டியால் லேசாக ஒரு தடவை அழுத்தினால் போதும், கையால் பிழிய வேண்டாம். பிழிந்தால் துவர்ப்பெல்லாம் அந்தக் கடைசிச் சொட்டுகளில்தான் இறங்கும்.

வடிகட்டியது 90 மில்லி இருக்க வேண்டும், குறைந்தால் பால் விட்டு நிரப்புங்கள். ஒரு சொட்டு குடித்துப் பாருங்கள். இதை ஒரு கோப்பை குடிக்க முடியாது என்று தோன்றும் அளவுக்குக் கடுமையாக இருந்தால் அதுதான் சரியான பதம். மாவும் சர்க்கரையும் சேர்ந்தால் எல்லாம் தணிந்துவிடும். பால் முழுதாக ஆறட்டும்.

சர்க்கரையில் தேய்ப்பது

எனக்கு இந்தக் கேக்கில் மிகவும் பிடித்த கட்டம் இது. அகலமான பாத்திரத்தில் சர்க்கரையைக் கொட்டி, தேயிலைப் பொடியையும் எலுமிச்சைத் தோல் துருவலையும் மேலே தூவுங்கள். துருவும்போது மஞ்சள் தோல் மட்டும் வர வேண்டும், கீழே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும். இப்போது விரல் நுனிகளால் இரண்டு மூன்று நிமிடம் நிதானமாகத் தேய்த்துக்கொண்டே இருங்கள். சர்க்கரையின் கூர்மையான ஓரங்கள் தோலைக் கீறி எண்ணெயை வெளியே எடுக்கும். உதிரியாக இருந்த சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக ஈர மணல் போல ஆகும், நிறம் வெளிர் பழுப்பாகும். பெர்கமாட்டும் எலுமிச்சையும் கலந்து ஒரு வாசனை கிளம்பும் பாருங்கள், அப்போதே பாதிக் கேக் வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

அடிப்பதும் கலப்பதும்

ஓவனை 170 டிகிரி செல்சியஸில் வையுங்கள். விசிறி ஓடும் ஓவன் என்றால் 150. விளக்கு அணைந்ததும் சூடாகிவிட்டது என்று நினைக்காமல் மொத்தம் இருபது நிமிடமாவது காயவிடுங்கள். டின்னின் உள்ளே வெண்ணெய் தடவி, அடியில் பட்டர் பேப்பர் வெட்டிப் போடுங்கள். மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சேர்த்து இரண்டு தடவை சலித்து வையுங்கள்.

வாசனை ஏறிய சர்க்கரையில் வெண்ணெயைப் போட்டு பீட்டரால் நடுத்தர வேகத்தில் அடியுங்கள். நான்கைந்து நிமிடம் ஆகும். தேயிலைப் பொடி இருப்பதால் சாதாரண கேக் போல வெள்ளையாக மாறாது, அதை எதிர்பார்த்து அடித்துக்கொண்டே இருக்க வேண்டாம். கனம் குறைந்து, பஞ்சு போல உப்பி, ஓரத்தில் பிடிப்பில்லாமல் நகர்ந்தால் போதும். பீட்டர் இல்லாவிட்டால் மரக்கரண்டியில் செய்யலாம், பத்துப் பன்னிரண்டு நிமிடம் கை வலிக்கும்.

முட்டைகளைத் தனியாக உடைத்து அடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அடியுங்கள். முன்பு ஊற்றியது முழுக்கக் கலந்த பிறகே அடுத்தது. கலவை திரிந்தது போலத் தெரிந்தால் முட்டை குளிர்ச்சியாக இருந்திருக்கும். பயப்பட வேண்டாம், சலித்த மாவில் ஒரு மேசைக்கரண்டி எடுத்துப் போட்டு அடித்தால் சேர்ந்துகொள்ளும்.

இனி பீட்டரை எடுத்து வைத்துவிடுங்கள். மாவில் மூன்றில் ஒரு பங்கு, தேயிலைப் பாலில் பாதி, மறுபடி மாவு, மீதிப் பால், கடைசி மாவு என்ற வரிசையில் ஸ்பேட்டுலாவால் அடியிலிருந்து மேலாக மடித்துக் கலக்குங்கள். வெள்ளை மாவு கண்ணில் படாத அந்த நொடியில் நிறுத்த வேண்டும். அதற்குமேல் கிளறினால் மைதாவின் பசைத்தன்மை இறுகி, கேக் ரப்பர் போல ஆகிவிடும்.

டின்னில் கொட்டிச் சமப்படுத்தி, நடுத்தட்டில் வையுங்கள். 40 முதல் 45 நிமிடம் ஆகும். முதல் அரை மணி நேரம் கதவைத் திறக்கவே வேண்டாம். உள்ளே இன்னும் குழைவாக இருக்கும் மாவில் குளிர்காற்று பட்டால் நடுவில் குழி விழும். 40ஆவது நிமிடத்தில் குச்சியால் நடுவில் குத்திப் பாருங்கள். ஈர மாவு ஒட்டக் கூடாது, ஓரிரு துணுக்கு ஒட்டினால் பரவாயில்லை. நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். தேயிலை இருப்பதால் இந்தக் கேக் வேகும் முன்பே பழுப்பாகத்தான் இருக்கும். வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 96 முதல் 98 டிகிரி காட்டும்போது எடுத்துவிடலாம்.

இப்போதுதான் ரோஜா

கேக் ஓவனில் இருக்கும்போதே பாகைச் செய்துவிடலாம். சர்க்கரையும் தண்ணீரும் கொதித்து, சர்க்கரை கரைந்ததும் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். கம்பிப் பதமெல்லாம் தேவையில்லை. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் எலுமிச்சைச் சாறு விடுங்கள். பன்னீரை மட்டும் ஒரேயடியாக ஊற்றாமல் அரை அரைத் தேக்கரண்டியாகச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் சுவைத்துப் பாருங்கள். நான் சொன்ன இரண்டு தேக்கரண்டி ஒரு சராசரிக் கணக்குதான். பன்னீரின் அடர்த்தி பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். நாக்கில் வைத்ததும் முதலில் இனிப்பு, அடுத்து புளிப்பு, விழுங்கிய பிறகு மெல்ல ரோஜா, இப்படி வரிசையாக வந்தால் போதும். எடுத்த எடுப்பிலேயே ரோஜா வந்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். பன்னீர் சேர்க்காத பாகு கொஞ்சம் எடுத்து வைத்திருந்தால் அதைக் கலந்து சரிசெய்யலாம்.

இதில் மூக்கு நம்மை ஏமாற்றும் ஒரு இடம் உண்டு. ஒரே மணத்தைச் சில நிமிடம் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு பழகிப்போய், வாசனையே இல்லை என்று தோன்றும். போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். அதிகமாகிப்போகும் பூ கேக்குகளில் பாதி இப்படித்தான் கெடுகின்றன என்பது என் எண்ணம். சந்தேகம் வந்தால் சமையலறையை விட்டு வெளியே போய் ஐந்து நிமிடம் கழித்து வந்து சுவைத்துப் பாருங்கள். அல்லது அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிட்டு ஒரு சொட்டுக் கொடுங்கள்.

ஓவனிலிருந்து எடுத்த கேக்கைப் பதினைந்து நிமிடம் டின்னிலேயே விடுங்கள். கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது பாகை ஊற்றினால் பன்னீர் ஆவியாகும் என்று முன்பே பார்த்தோம். முழுக்க ஆறிய பிறகு ஊற்றினால் உள்ளே இறங்காது. வெதுவெதுப்பான அந்த நடுச் சூட்டில், மெல்லிய குச்சியால் முப்பது நாற்பது இடங்களில் அடிவரை குத்தி, பிரஷ்ஷால் பாகைப் பரவலாகத் தடவுங்கள். ஓரங்கள்தான் சீக்கிரம் காயும், அங்கே கூடுதலாக. ஒரு சுற்று தடவி, அது இறங்கியதும் அடுத்த சுற்று. பாகு முழுவதும் தீர்ந்த பின் இன்னும் இருபது நிமிடம் விட்டு, கவிழ்த்து எடுத்து, பட்டர் பேப்பரை உரித்து, நிமிர்த்திக் கம்பித் தட்டில் வையுங்கள்.

மேல்பூச்சு சுலபம். ஐசிங் சர்க்கரையைச் சலித்து, பன்னீரும் எலுமிச்சைச் சாறும் விட்டுக் குழையுங்கள். கரண்டியால் தூக்கி விட்டால் பட்டையாக விழுந்து, சில நொடிகள் தடம் தெரிந்து மறைய வேண்டும். நீர்த்துவிட்டால் சர்க்கரை, இறுகினால் ஓரிரு சொட்டுச் சாறு. கேக் முற்றிலும் ஆறிய பிறகே நடுவில் ஊற்றி ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள். பூச்சு உறைவதற்குள் இதழ்களைக் கையால் நொறுக்கித் தூவுங்கள். முழு இதழாக வைத்தால் படத்துக்கு நன்றாக இருக்கும், வாயில் காகிதம் போல ஒட்டும்.

வேறு பூ வேண்டுமென்றால்

லாவெண்டரும் ஏர்ல் கிரேயும் நன்றாகச் சேரும். லினலூல் என்ற வாசனைப் பொருள் பெர்கமாட்டிலும் லாவெண்டரிலும் உண்டு. ஆனால் லாவெண்டரில் எல்லா வகையும் சமையலுக்கு ஆகாது. சில வகைகளில் கற்பூர நெடி தூக்கலாக இருக்கும். சமையல் லாவெண்டர் என்று விற்பதை வாங்கி, காய்ந்த மொட்டு ஒரு தேக்கரண்டி மட்டும் சூடான பாகில் போட்டு, பத்து நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள். பன்னீரைப் போலக் கடைசியில் சேர்க்க முடியாது, மொட்டிலிருந்து மணம் இறங்கச் சூடு வேண்டும். லாவெண்டர் எண்ணெய் என்று சின்னப் பாட்டிலில் வருவதைக் கேக்கில் சேர்க்கவே வேண்டாம்.

மல்லிகை பிடித்தவர்கள் மல்லிகைத் தேயிலையையே பயன்படுத்தலாம். மாலையில் விரியத் தொடங்கும் மொட்டுகளைத் தேயிலையோடு கலந்து இரவு முழுக்க வைத்து, மறுநாள் பூவைப் பிரித்தெடுத்து, இதையே பல தடவை செய்து மணம் ஏற்றுவார்கள். அடிப்படைத் தேயிலை பெரும்பாலும் பச்சை என்பதால் பாலைக் கொஞ்சம் ஆறவிட்டு, சுமார் 80 டிகிரியில் ஊறவையுங்கள். எலுமிச்சைத் தோலையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

செம்பருத்தியைப் பொறுத்தவரை மாவில் சேர்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் சிவப்பு நிறம் புளிப்பான கலவையில்தான் நிற்கும். சமையல் சோடா சேர்ந்த மாவில் நீலம் பாய்ந்த சாம்பல் நிறமாகிவிடும். ஆனால் எலுமிச்சைச் சாறு சேர்ந்த மேல்பூச்சில் அரைத் தேக்கரண்டி செம்பருத்திப் பொடி கலந்தால் அழகான இளஞ்சிவப்பு கிடைக்கும்.

வெட்டும் நேரம்

ஒன்று சொல்லிவிடுகிறேன், செய்த அன்றே வெட்ட வேண்டாம். அன்றைக்கு எலுமிச்சைதான் முன்னால் நிற்கும், தேயிலை பின்னால் ஒளிந்திருக்கும். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு இரவு மூடி வைத்தால் பாகு உள்ளே சீராகப் பரவி, தேயிலை மணம் மேலே வந்துவிடும். வெளியில் குளுமையான இடத்தில் மூன்று நாள் தாங்கும். வெயில் காலத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஆனால் சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்துவிட வேண்டும். குளிர்ந்த வெண்ணெய் இறுகி, மணத்தை வெளியே விடாது. மேல்பூச்சு போடாமல் துண்டு போட்டு, இறுக்கமாகச் சுற்றி உறைபெட்டியில் வைத்தால் ஒரு மாதம் வரை இருக்கும்.

தேயிலைப் பொடி அப்படியே உள்ளே போயிருப்பதால் கஃபீனும் கேக்கில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கும், இரவில் தூக்கம் வராதவர்களுக்கும் மாலைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். கூடவே குடிக்க வேறு வாசனைத் தேநீர் எதுவும் வேண்டாம். பால் விடாத, சர்க்கரை போடாத வெறும் கறுப்புத் தேநீரே இதற்குப் பொருத்தம்.